புதுப்பித்த பழைய வீட்டின் சுவர் ஏன் பொரிகிறது?

"தாத்தா கட்டிய வீடு. லட்சக்கணக்கில் செலவழித்துப் புதுப்பித்தோம். நாலே வருடத்தில் சுவர் அடிப்பக்கம் பொரிந்து உதிர்கிறது. இடித்துவிடலாமா?" தியாகராய நகர், மாம்பலம் பக்கத்து வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அவசரப்பட வேண்டாம். இப்படிப்பட்ட வீடுகள் பலவற்றில் கோளாறு புதுப்பித்த வேலையில்தான் இருக்கிறது. பழைய கட்டடத்தின் மேல் பழி போடுவது நியாயமில்லை.

வீடு எந்த மண்ணில், எதைக் கொண்டு எழும்பியது என்று முதலில் பார்ப்போம். 1920-களில் மயிலாப்பூருக்கு மேற்கே கிடந்த நீண்ட ஏரியைத் தூர்த்து, மனை பிரித்து, பிட்டி தியாகராயர் பெயரில் உருவாக்கிய புறநகர்தான் இன்றைய தி.நகர். ஆகவே பல வீடுகளுக்கு அடியில் இருப்பது ஏரிக் களிமண். மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்த்துக் கட்டியவை, ஓரடிக்கும் மேல் கனம். மேலே மெட்ராஸ் டெரஸ்: தேக்குக் கட்டைகளை வரிசையாகப் பரப்பி, மெல்லிய சிறு செங்கற்களைச் சாய்வாக, குத்துவாட்டில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து இறுக்கி, தட்டோடு பதித்த தளம்.

அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் அடிமானத்துக்கும் சுவருக்கும் நடுவே ஈரத்தடுப்பு அடுக்கு கிடையாது. மண்ணின் ஈரம் செங்கல் வழியே மேலே ஏறும் (ஓதம் காத்தல்). அது அன்றும் ஏறியது. சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை ஆவியாக வெளியே விட்டது. முற்றத்துக் காற்று உலர்த்தியது. பின்னால் வந்தவர்கள் சிமென்ட் பூசினார்கள், பட்டி பார்த்தார்கள், பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தார்கள், முற்றத்தை மூடி ஹால் ஆக்கினார்கள். போதாதற்கு, தெருவில் தார் மேல் தார் போட்டதில் வாசற்படியே சாலைக்குக் கீழே போய்விட்டது. போக வழியில்லாத ஈரம் இன்னும் உயரே ஏறுகிறது. அதில் கரைந்துள்ள உப்பு, பூச்சுக்குப் பின்னால் படிகமாகிப் பூச்சையே தள்ளுகிறது.

எந்த ஈரம் என்று கண்டுபிடித்த பிறகுதான் கொத்தனாரைக் கூப்பிட வேண்டும். தரையிலிருந்து மூன்று, நான்கு அடி உயரத்தில் கிடைமட்டமாகக் கறைக்கோடு, அதன் கீழே வெள்ளைப் பொடி (உப்புப் பூத்தல்) என்றால் ஓதம். மேலிருந்து இறங்கும் பழுப்பு வளையம் மழைக்குப் பின் பெரிதானால் மாடி ஒழுக்கு. வருடம் முழுக்க ஒரே இடத்தில் நசநசப்பு என்றால் சுவருக்குள் ஓடும் குழாயைச் சந்தேகியுங்கள். பூச்சு எது என்று அறியச் சாவியால் கீறினால் போதும்: சுண்ணாம்பு வெள்ளைத் தூளாக எளிதில் உதிரும், சிமென்ட்டில் சாம்பல் நிறக் கோடுதான் விழும்.

வைத்தியம் வெளியிலிருந்து தொடங்க வேண்டும். மாடித் தண்ணீர் சுவரோரம் கொட்டாமல் குழாயைத் திருப்புங்கள். சுவரை ஒட்டிப் போட்ட சிமென்ட் தளத்தை ஓரடி அகலத்துக்குப் பெயர்த்து ஜல்லி நிரப்புங்கள். பிறகு உள்ளே, கறைக்கோட்டுக்கு ஓரடி மேல்வரை சிமென்ட் பூச்சை உளியால் கொத்தி எடுக்கச் சொல்லுங்கள். பெரிய இயந்திரம் வேண்டாம், செங்கல் உடையும். உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், மறுபடி உள்ளே போய்விடும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி அள்ளி வெளியே போடுங்கள். பிறகு சுவரைச் சும்மா விடுங்கள். இதுதான் யாருக்கும் பொறுமை இல்லாத கட்டம். தை மாதம் கொத்தினால் கோடை முழுக்கக் காயட்டும்; வடகிழக்கு மழைக்கு முன் நன்றாக நீற்றிய சுண்ணாம்பில் மெல்லிய பூச்சாக இரண்டு, மூன்று தடவை பூசுங்கள். மேலே வெள்ளையடிப்பது போதும். கடுக்காயும் வெல்லமும் சேர்ப்பது நம் கொத்தனார்கள் கைக்கொண்ட முறைதான், ஆனால் சுண்ணாம்பு சரியாக நீறாவிட்டால் எதைக் கலந்தும் பயனில்லை.

குறுக்குவழிகள் ஏராளமாக விற்கின்றன. ஈரச் சுவரில் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிப்பது, இடுப்புயரத்துக்கு டைல்ஸ் ஒட்டுவது, தார் பூசுவது எல்லாமே நோயை மூடிவைப்பவை. டைல்ஸ் ஒட்டிய வீட்டில் கறைக்கோடு டைல்ஸுக்கு மேலே போயிருக்கும், அவ்வளவுதான்.

மாடி விஷயத்தில்தான் உண்மையான ஆபத்து. ஒழுகுகிறது என்று பழைய தளத்தின் மேலேயே மூன்று அங்குலம் கான்கிரீட் போடுகிறார்கள். பத்துக்குப் பத்து அறையின் தலையில் அது ஏறத்தாழ 1,700 கிலோ கூடுதல் சுமை. கீழே தாங்குவது தொண்ணூறு வயது தேக்கு. கட்டைகள் சுவருக்குள் நுழையும் முனைதான் முதலில் உளுக்கும். அங்கே ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கினாலோ, தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்டாலோ, தரையில் செங்கல் தூள் விழுந்திருந்தாலோ, அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம். முட்டுக் கொடுத்துவிட்டுக் கட்டுமானப் பொறியாளரை (கட்டடத்தின் சுமையைக் கணக்கிடுபவர்) அழையுங்கள். பல நேரம் கெட்ட கட்டையை மட்டும் மாற்றினால் போதும், தளம் முழுவதையும் கழிக்க வேண்டியதில்லை. ஒழுக்குக்கு, தட்டோட்டின் இடுக்குகளையும் தண்ணீர் ஓடும் வாட்டத்தையும் சரிசெய்வதே சரியான வேலை. கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றையும் அப்போதே வேரோடு எடுத்துவிடுங்கள்.

சுவர் வெடிப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். களிமண் வீட்டில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் மெல்லிய கோடு கோடையில் விரிந்து மழையில் மூடும். இரு முனையிலும் பென்சிலால் தேதியோடு குறியுங்கள். ஒரு வருடத்தில் கோடு குறியைத் தாண்டி நீண்டால், அல்லது விரல் நுழையும் அளவு அகன்றால், பொறியாளர் பார்க்க வேண்டும். ஹாலைப் பெரிதாக்க நடுச்சுவரை எடுக்க நினைப்பவர்களும் அவரையே முதலில் கேளுங்கள். கட்டைகள் எந்தச் சுவரில் உட்கார்ந்திருக்கின்றன என்று தெரியாமல் ஒரு செங்கல்லைக்கூட உருவக் கூடாது.

ஒப்பந்தக்காரரிடம் சுண்ணாம்புப் பூச்சு வேலை செய்த வீடு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். "சிமென்ட்டே போதும் சார்" என்று பதில் வந்தால் வேறு ஆளைத் தேடுங்கள்.