மடி என்னுஞ் சொல்

தமிழிலே சோம்பலைக் குறிக்குஞ் சொற்கள் பல. அவற்றுள் மடி என்பது பழையது. மடிதல் என்னும் வினை மடங்குதல், அழிதல் என்னும் பொருள்களையுந் தரும். நிமிர்ந்து நிற்கற்பாலதாகிய ஊக்கம் மடங்கிக் கிடத்தலே மடி எனக் கொள்வேமாயின், அதன் முடிவு அழிவென்பதும் அச்சொல்லினகத்தே விளங்கும். வடமொழியினின்று வந்த ஆலசியம் என்பதற்குஞ் சோம்பலே பொருள். அஃது உலக வழக்கிலே காலதாமதத்தைக் குறிப்பதாயிற்று. சோம்பல் 'செய்யேன்' என்று வாராது, 'நாளைச் செய்வேன்' என்றே வரும் என்பதற்கு இவ்வழக்கே சான்று.

திருவள்ளுவர் மடியின்மையை 61ஆம் அதிகாரமாக, ஊக்கமுடைமைக்கும் ஆள்வினையுடைமைக்கும் நடுவே வைத்தார். உள்ளத்தெழுந்த ஊக்கம் முயற்சியாய் முற்றாதபடி இடைநின்று தடுப்பது மடி என்பது அவ்வைப்புமுறையாற் பெறப்படும்.

இனி, அச்சொல்லை வழங்கும் முறை ஆராயற்பாலது. வலியிருந்தும் மனம் எழாமை மடி. வலி செலவாயினமையால் வருவது இளைப்பு. இவ்விரண்டும் வேறு. 19ஆம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களின் பொருட்டுத் தமிழகத்தினின்று வந்த நம் முன்னோர் பலர், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து, மாத்தளைக்கு நடந்தே வந்தனர். நோயாலும் பசியாலும் வழியிலே மடிந்தோர் பலர். அவர் மடியுடையோர் அல்லர். 1869இலே இலைநோய் தோன்றிக் கோப்பி அழிந்துபட, பின்பு தேயிலையை வளர்த்தோரும் அவ்வழி வந்தவரே. இன்றும் பகலெல்லாம் மலைச்சரிவிற் கொழுந்து பறித்து, மாலையிலே கைசோர்ந்திருப்பவரைச் சோம்பேறி என்பது சொற்குற்றம் மாத்திரமன்று, பாவமுமாம்.

வள்ளுவர் மடியைக் கடியுமிடத்துப் பெரிதும் இரங்குவது, அதனையுடையான் பிறந்த குடியின் கேட்டிற்கே. ஆதலின் இச்சொல் பிறரை இகழ்தற்கன்று. ஒருவன் தன்னைத் தானே வினாவுதற்கு உரியது.

திருநாவுக்கரசு நாயனார் செந்தமிழாற் பாடியதனோடு அமையாது, உழவாரப்படை ஏந்தித் திருக்கோயில் முன்றில்களிற் புல்லுஞ் செதுக்கினார். உடம்பினாற் செய்யும் அத்தொண்டே சரியையாம். மாத்தளை ஶ்ரீ முத்துமாரியம்மன் கோயிலிலே மாசிமகத் தேரின் வடம் பிடிக்கப் பல்லாயிரவர் கூடுகின்றனர்; அது மகிழ்தற்குரியதே. தேர் நிலைக்கு வந்த மறுநாள், வீதி கூட்டத் துடைப்பம் எடுப்பவர் எத்துணையர்? நம்முடைய மடியும் மடியின்மையும் அறியப்படும் இடம் அதுவேயாம்.

சைவ நன்மக்களே! பிறர்மேல் எறியும் இச்சொல்லை இனி நம் உள்ளத்தை நோக்கித் திருப்புவோமாக. நம்மால் இயன்ற திருத்தொண்டு சிறிதாயினும், அதனை நாளைக்கென்று வையாது இன்றே தொடங்குவோமாக.