பழ ஈயின் பெயரை அறிவோம்

பினாங்கில் நம் கொய்யாவையும் நட்சத்திரப் பழத்தையும் துளைத்து முட்டையிடும் பழ ஈக்கள் ஒரே இனத்தவை அல்ல. பழத்தினுள் நெளியும் புழுவைக் கண்ணால் கண்டு இனம் பிரித்தல் அரிது. ஆகவே அதன் மரபணுவை ஆய்ந்து அறிஞர்கள் இனங்காண்கின்றனர்.

மலேசியாவின் பப்பாளி ஈ 1994இல் தனி இனமெனப் பெயர் பெற்றது. 2003இல் கென்யாவில் காணப்பட்ட ஈ 2005இல் வேறொரு பெயர் பெற்றது. மரபணு, உடலமைப்பு, இணைசேர்க்கை ஆகிய சான்றுகளை ஒருங்கே ஆராய்ந்து, இவ்விரண்டும் கீழ்த்திசைப் பழ ஈயே என 2015இல் அறிவித்தனர். நட்சத்திரப் பழ ஈயோ தனி இனமாகவே நின்றது.

ஒரே ஈக்குப் பல பெயர் இருப்பின், அதனை அயல்நாட்டுப் பூச்சியெனக் கருதிப் பிறநாடுகள் நம் பழங்களைத் தடுக்க நேரும். பெயர் தெளிந்தால் வாணிகமும் தெளியும்.

நாம் செய்யத்தக்கவை இரண்டு: பிஞ்சிலேயே காகித உறையிடுவோம், புழு மண்ணில் இறங்கிக் கூடாகுமுன் உதிர்ந்த பழங்களை அகற்றுவோம்.