வாட்ஸ் பார்த்து மிக்ஸி வாங்கலாமா?

துர்கா பூஜைக்கு முந்தைய வாரங்களில் கொல்கத்தாவின் காரியாஹாட்டிலும் சாந்தினி சௌக்கிலும் மிக்ஸி வியாபாரம் சூடுபிடித்துவிடும். கடைக்குள் நுழைபவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: எத்தனை வாட்ஸ்? கடைக்காரரும் 500, 750, 1000 என்று எண்ணோடு விலையையும் ஏற்றிக்கொண்டே போவார். லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்துக்கு அந்த மிக்ஸியில் தேங்காய்ச் சட்னியும் சாம்பார்ப் பொடியும் அரைபட வேண்டும். அடுத்த வீட்டு வங்காளிக் குடும்பத்துக்குக் கடுகு விழுதும் கசகசா விழுதும் வேண்டும். இரண்டு வீட்டுக்கும் வாட்ஸ் சொல்லும் சேதி மிகக் கொஞ்சம்.

முதல் நம்பிக்கையே அதுதான்: வாட்ஸ் கூடினால் நைசாக அரைபடும். மிக்ஸியில் எழுதியிருக்கும் 750 வாட்ஸ் என்பது மோட்டார் மின்சாரத்திலிருந்து இழுக்கும் சக்தி. பிளேடுக்குப் போய்ச் சேருவது அதைவிடக் குறைவு. மீதி சூடாகக் கழிந்துவிடும். காய்ந்த மஞ்சள், கெட்டியான உளுந்து மாவு போன்ற பாரமான வேலையில் மோட்டார் திணறாமல் இருக்க வாட்ஸ் உதவும் என்பது உண்மை. ஆனால் நைசு என்பது ஜாரின் வடிவத்தையும், பிளேடு அடித்தட்டுக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பதையும், உள்ளே எவ்வளவு போடுகிறோம் என்பதையும் பொறுத்தது.

இதற்குக் கசகசாவைவிட நல்ல பரீட்சை கிடையாது. வங்காளத்தில் போஸ்தோ, அதாவது கசகசா, இல்லாத சமையலறை அரிது. விலையோ கையைக் கடிக்கும். 1000 வாட்ஸ் மிக்ஸியின் ஒன்றரை லிட்டர் ஜாரில் ஐம்பது கிராம் கசகசாவைப் போட்டால், அந்தக் குருணை பிளேடிலிருந்து தெறித்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பிளேடு காற்றில் சுற்றும். அதே ஐம்பது கிராமை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, 500 வாட்ஸ் மிக்ஸியின் சட்னி ஜாரில் கொஞ்சம் நீர் தெளித்து அரைத்தால் வெண்ணெய் மாதிரி வரும். அரைக்கும் பொருள் பிளேடை மூட வேண்டும் என்பதுதான் கணக்கு. ஆகவே கடையில் முதலில் கையில் எடுத்துப் பார்க்க வேண்டியது 400 மில்லி அளவுள்ள அந்தச் சின்ன ஜாரை. கடைக்காரர் பெருமையாகக் காட்டும் பெரிய ஜார் பிறகு.

வாட்ஸைப் பற்றி எதிர்த்திசையிலும் ஒரு பயம் உண்டு: பெரிய மோட்டார் கரண்ட் பில்லை ஏற்றிவிடும். 750 வாட்ஸ் மிக்ஸி முழுச் சக்தியில் தினம் கால் மணி நேரம் ஓடினாலும் மாதத்துக்கு ஆறு யூனிட்டைத் தொடாது. கொல்கத்தாவின் மே மாதப் புழுக்கத்தில் ஒன்றரை டன் ஏசி அதை ஓர் இரவில் தின்றுவிடும்.

அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரிடம் பிளெண்டர் கேட்டு வாங்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. வெளிநாட்டுச் சரக்கு உசத்தி என்ற எண்ணம். அங்கே மின்னழுத்தம் 120 வோல்ட், இங்கே 230. நேரே செருகினால் புகைதான் வரும். அது ஒரு புறம் இருக்க, அந்த இயந்திரம் பிறந்ததே வேறு வேலைக்கு. 1922இல் ஸ்டீஃபன் பொப்லாவ்ஸ்கி அமெரிக்காவில் அதை உருவாக்கியது சோடாக் கடைகளில் பால் பானம் கலக்க. 1937இல் சந்தைக்கு வந்து புகழ்பெற்ற வாரிங் பிளெண்டரும் பானம் கலக்கும் கருவிதான். திரவம் சுழன்று கீழிறங்கி பிளேடைத் தேடி வரும் என்ற நம்பிக்கையில் அமைந்த உயரமான ஜார் அது. கெட்டித் துவையல் அப்படிச் சுழலாது.

நம் மிக்ஸியின் கதை அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. மும்பையில் சீமென்ஸ் நிறுவனப் பொறியாளராக இருந்த சத்யபிரகாஷ் மாத்தூரின் வீட்டில் ஜெர்மன் பிரான் மிக்ஸர் ஒன்று இருந்தது. இந்தியச் சமையலின் அரைப்பு வேலையைத் தாங்காமல் அதன் மோட்டார் போய்விட்டது. இங்கே பழுது பார்க்க வழியும் இல்லை. மனைவி மாதுரிக்காக அவர் வேறு மோட்டாரை உருவாக்க முனைந்தார். 1963இல் தொடங்கிய நிறுவனம், சுமீத் என்ற பெயரில் ஒரு தலைமுறையின் சமையலறையை மாற்றிப்போட்டது. பின்னால் 1978இல் சென்னையில் ப்ரீத்தி வந்தது. குட்டையான எஃகு ஜார், கனத்த பிளேடு, உலர்ந்ததையும் ஈரத்தையும் தாங்கும் மோட்டார் என்று இன்று நாம் மிக்ஸி என்கிற கருவி நம் அடுப்படிக்கென்றே உருவானது. பழச்சாறும் ஸ்மூத்தியும் மட்டும் போதும் என்பவருக்கு உயரமான பிளெண்டர் சரி. மற்றவர்களுக்கு அது பாதிக் கருவி.

அடுத்த நம்பிக்கை வங்காளத்தில் மிக ஆழமானது, பாதி உண்மையும் கூட. மிக்ஸியில் அரைத்தால் கடுகு கசக்கும், ஷீல்-நோடாவில், அதாவது அம்மியில், அரைத்தால்தான் ருசி என்பார்கள். அம்மி நசுக்குகிறது, மிக்ஸி வெட்டிச் சிதறடிக்கிறது. சுமையில்லாத வேளையில் மிக்ஸி பிளேடு நிமிடத்துக்குப் பதினெட்டாயிரம் சுற்று வரைகூடச் சுற்றும். அந்த வேகத்தில் சூடு ஏறும். கடுகின் நெடி விதைக்குள் தயாராக உட்கார்ந்திருப்பதில்லை. விதை உடைந்து ஈரம் படும்போது மைரோசினேஸ் என்ற நொதி வேலை செய்து அதை உண்டாக்குகிறது. சூடு மிகுந்தால் நொதியும் சோர்ந்துவிடும், உண்டான நெடியும் ஆவியாகிவிடும். பிறகு நாக்கில் தங்குவது கசப்புதான். ஊறவைத்த கடுகோடு உப்பும் பச்சை மிளகாயும் குளிர்ந்த நீரும் சேர்த்து, பல்ஸ் பக்கம் திருப்பித் திருப்பி விட்டு விட்டு அரைத்தால் இந்தக் கோளாறு பெருமளவு குறையும். எனவே கடுகு விழுதில் இலிஷ் மீன் சமைக்கும் வீட்டில் பல்ஸ் வசதி ஆடம்பரம் அல்ல, அவசியம்.

ஒரே இயந்திரம் எல்லாம் செய்யும் என்ற விளம்பரத்தையும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். இட்லிக்கு உளுந்து பொங்கி வர வேண்டும். வங்காளிப் பெண்கள் குளிர்காலத்தில் வெயிலில் காயவைக்கும் ‘போரி’க்கும், அதாவது நம் வடகத்தின் உறவுக்கும், அதே பதம்தான். இரண்டு ஊரிலும் சோதனை ஒன்றே: ஒரு துளி மாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். காற்று ஏறினால்தான் மிதக்கும். 1955இல் கோயம்புத்தூரில் சபாபதி உருவாக்கிய வெட் கிரைண்டரில் கல் நிதானமாகச் சுற்றி அந்தக் காற்றை ஏற்றுகிறது. மிக்ஸியிலும் ஐஸ் தண்ணீர் ஊற்றி, சிறுசிறு பகுதியாக அரைத்து ஒப்பேற்றலாம்; மூன்று பேர் குடும்பத்துக்கு அது போதும். வாரம் இருமுறை மாவு ஆட்டும் வீட்டுக்கு இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து பெரிய மிக்ஸி வாங்குவதைவிட, அந்தப் பணத்தைச் சிறிய கிரைண்டருக்கு எடுத்து வைப்பது நல்லது. கப் வடிவச் சிறு பிளெண்டர்களில் காய்ந்த மஞ்சளைப் போடுவதற்கு முன் அவற்றின் கையேட்டைப் படித்தே ஆக வேண்டும். சூடான பருப்பையோ சூப்பையோ மூடி இறுக்கிய எந்த ஜாரிலும் ஊற்றக் கூடாது. நீராவி மூடியைத் தூக்கியடித்து முகத்தைச் சுட்டுவிடும்.

கல்லுப்பு போட்டு ஓட்டினால் பிளேடு கூராகும் என்பது வெறும் கற்பனை. உப்பு எஃகைவிட மிருதுவானது. அது ஜார் மூலையின் அழுக்கை வேண்டுமானால் எடுக்கும். மசாலா அரைக்கும் பிளேடு கத்தி போலக் கூராக இருக்கவும் தேவையில்லை, அது அடித்து உடைக்கிற பிளேடு.

திடீரென்று நின்றுவிட்டால் மோட்டார் எரிந்துவிட்டது என்று எண்ணுவதும் பரவலான தவறு. பாரம் மிஞ்சும்போது மின்சாரத்தைத் துண்டிக்கும் ஒரு சிறு பட்டன், பெரும்பாலும் சிவப்பு நிறத்தில், மிக்ஸியின் அடியில் இருக்கும். பிளக்கைப் பிடுங்கி, ஜாரைக் காலி செய்து, சூடு ஆறியபின் அதை அழுத்தினால் மிக்ஸி எழுந்துவிடும். பல மிக்ஸிகளின் அடியில் 30 நிமிட ரேட்டிங் என்று அச்சிட்டிருக்கும். அரைமணி நேரம் விடாமல் ஓட்டலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. ஐந்து நிமிடம் ஓட்டி இரண்டு நிமிடம் ஓய்வு தரும் கணக்கு அது. மோட்டார் சுற்றியும் பிளேடு சுற்றாவிட்டால் கப்ளர் தேய்ந்திருக்கும். உள்ளே சிக்கல் வந்தால் மோட்டாரைக் காக்கத் தானே உடைவதற்கென்று வைத்த மலிவான பாகம் அது.

ஐந்து வருட வாரண்டி என்ற பெரிய எழுத்தையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. பெரும்பாலும் அந்த ஐந்து வருடம் மோட்டாருக்கு மட்டும். ஜார், பிளேடு, கப்ளர், ரப்பர் வாஷர் ஆகியவைதான் முதலில் தேயும், அவற்றுக்கு அந்தக் காலம் செல்லாது. தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு பாகம் கிடைக்கும் பிராண்டுக்குக் கொல்கத்தாவில் எத்தனை சர்வீஸ் மையம் என்பதை வாங்குமுன் போனில் கேட்டுவிடலாம். கடையிலேயே ஜாரில் நீர் நிரப்பி, ஒரு காகிதத்தின் மேல் சில நிமிடம் வைத்துப் பாருங்கள். பிளேடு அச்சின் வழியே கசிந்தால் காகிதம் நனையும். அப்படிக் கசியும் ஜாரின் நீர் நேரே மோட்டாருக்குள்தான் இறங்கும்.