கரையாத மருந்து

நோயுற்றார் ஒருவர் மாத்திரையொன்றை நீருடன் விழுங்கியவுடன், மருந்து தம் உடம்பினுட் புகுந்துவிட்டதெனக் கருதி ஆறுதலடைகின்றார். நுணுகி நோக்குவோமாயின், அஃது இன்னும் புறத்தேதான் நிற்கின்றது. வாய் தொடங்கிக் கீழே செல்லும் உணவுப்பாதை உடம்பினூடே ஓடும் ஒரு குழாய். அக்குழாயின் சுவரைக் கடந்து இரத்தத்திற் கலந்த பின்னரே மருந்து உட்புகுந்தது எனல் தகும். துகளாய் நிற்கும் மருந்து அச்சுவரைக் கடக்கமாட்டாது. நீரிற் கரைந்து தனித்தனி மூலக்கூறுகளாய்ப் பிரிந்ததே கடக்கும். இக்கரைதலைப் பற்றியே ஈண்டுச் சிறிது கூறப் புகுகின்றோம்.

மாத்திரை இரைப்பையில் உடைந்து பொடியாகின்றது; எனினும் மருந்துகளிற் பெரும்பாலானவை கிரகிக்கப்படுமிடம் சிறுகுடலே. அதன் உட்புறம் மடிப்புகளும் நுண்ணிய விரல் போன்ற முளைகளும் நிறைந்து, பரப்பை மிக விரிவுபடுத்துகின்றது. காலமோ குறுகியது. சிறுகுடலைக் கடந்து செல்ல ஏறக்குறைய 3 அல்லது 4 மணி நேரமே ஆகும். அதற்குட் கரையாதது பெரும்பாலும் மலத்தோடு கழிந்துபோம்; கொடுத்த விலையும் உடன் கழிந்தது என்க.

கரையும் விரைவுக்கு ஒரு விதியுண்டு. அமெரிக்க இரசாயன அறிஞரான நாயிஸ், விட்னி என்னும் இருவர், பென்சாயிக் அமிலத்தையும் ஈயக் குளோரைடையும் நீரிற் கரையச் செய்து, 1897-ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டனர். கரைசல் தன் நிறைவெல்லைக்கு எவ்வளவு தொலைவில் உள்ளதோ, அவ்வளவு விரைவாகப் பொருள் கரையும் என்பது அது. பரப்பு மிகுந்தால் விரைவும் மிகும் என்பதைக் கற்கண்டையும் பொடித்த சர்க்கரையையும் ஒப்பிட்டார் யாவரும் அறிவர்.

இங்கே ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. குடற்சுவரின் உயிரணுக்களைப் போர்த்திருக்கும் படலம் கொழுப்பாலாயது. நீரை மிக விரும்பும் மருந்து எளிதிற் கரையும். ஆனால் படலத்தைக் கடக்கத் தயங்கும். கொழுப்பை மிக விரும்பும் மருந்து படலத்திற் புகும். ஆனால் நீரிற் கரைய மறுக்கும். படர்தாமரைக்கு வழங்கும் கிரிசியோபல்வின் இரண்டாம் வகையினது. நெய்ப்பசையுள்ள உணவோடு உண்டால் அது மிகுதியாகக் கிரகிக்கப்படும். அவ்வுணவினாற் சுரக்கும் பித்தநீர் அதனைக் கரைக்கத் துணைபுரிகின்றது. "உணவுக்குப் பின்" என்று வைத்தியர் எழுதுவதை வெறும் உபசாரமொழியென எண்ணுவார்க்கு இதனை நினைவூட்டுகின்றோம்.

கரையாததை எவ்வாறேனும் கரைத்துவிட முயல்வதிலும் அபாயமுண்டு. சல்பனிலமைடு என்னும் மருந்து நீரில் அரிதாகவே கரைவது. 1937-இல் அமெரிக்காவின் டென்னசி நாட்டகத்தே ஒரு நிறுவனத்தார் அதனை டைஎதிலீன் கிளைக்கால் என்னும் இனிய நீர்மத்திற் கரைத்து விற்றனர். சுவையையும் மணத்தையும் சோதித்தனர், நஞ்சோவெனச் சோதித்திலர். சிறுநீரகங்கள் கெட்டு நூற்றுவர்க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருட் குழந்தைகளும் பலர். கொன்றது மருந்தன்று, அதனைக் கரைத்த நீர்மமே. புது மருந்து எதனையும் விற்குமுன் அது தீங்கற்றதெனக் காட்டல் வேண்டும் என்ற சட்டம் 1938-இல் அந்நாட்டில் எழுந்தது. ஆயினும் அந்நீர்மம், 1972-இல் சென்னையிலும் 2022-இல் ஆப்பிரிக்காவின் காம்பியாவிலும் மருந்துகளிற் கலந்து குழந்தைகளின் உயிரைக் கவர்ந்தது.

இனி, எமக்கு மிக வியப்பளித்த வரலாறு ஒன்று. எய்ட்ஸ் நோய்க்கிருமியை அடக்கும் ரிட்டோனவிர் 1996-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது நன்கு கரையாமையால், கரைசலாகவே காப்ஸ்யூலில் அடைத்து வழங்கினர். 1998-இல் சில காப்ஸ்யூல்கள் கரைவுச் சோதனையிற் தேறவில்லை. உள்ளே புதுவகைப் படிகங்கள் தோன்றியிருந்தன! மூலக்கூறு அதுவே, ஓரணுவும் மாறவில்லை. அம்மூலக்கூறுகள் அடுக்கப்பட்ட முறைதான் வேறு. ஒரே செங்கல்லால் இருவகைச் சுவர் எழுப்பியது போல்வது அது. இரண்டாவது அடுக்கு முன்னதினும் உறுதியானது. ஆகவே கரைவதும் மிகக் குறைவு. பழைய படிகத்தின் அளவுக்கு நிறைவெல்லையைத் தாண்டாதிருந்த கரைசல், புதியதன் அளவுக்கு எல்லை கடந்ததாயிற்று.

புதுப்படிகத்தின் ஒரு துகள் வித்தாய் அமைந்தாலும் ஏனையவும் அவ்வாறே படியும். அதனை ஆராய்ந்த அறிஞர் இத்தாலியிலுள்ள தொழிற்சாலைக்குச் சென்று வந்தபின், அதுவரை அஃது இல்லாத அவ்விடத்தும் அப்படிகம் தோன்றலாயிற்று. காப்ஸ்யூல்கள் சந்தையினின்று நீக்கப்பட்டன. நாள் தவறாது மருந்துண்ண வேண்டிய நோயாளர், சுவை சகியாத நீர்மருந்தைக் குடித்து நாட்கழித்தனர். 1999-இல் வந்த புதுக் காப்ஸ்யூலோ குளிர்ப்பெட்டியில் வைத்துக் காக்கற்பாலது. அப்பெட்டியில்லா ஏழை வீடுகளுக்கு அஃது எட்டாக்கனியே. 2010-இலே அவ்வகைக் காப்பு வேண்டாத மாத்திரை அனுமதி பெற்றது. மருந்தைப் படிகமாகவே விடாது, பிசின் போன்றதொரு பொருளோடு உருக்கிக் கலந்து, கண்ணாடியைப் போல் ஒழுங்கின்றி உறையச் செய்து அதனை அமைத்தனர்.