பழனியில் விஞ்சை ஏன் இன்னும் கழற்றவில்லை?

பெரம்பலூர்

அன்புள்ள கயல்,

பனிச்சறுக்கு வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு நீ கேட்ட கேள்வியை உன் அம்மா போனில் சொன்னாள். புது லிஃப்ட் வேகமாகப் போகிறது, பக்கத்திலேயே பழைய நாற்காலி லிஃப்ட் ஒன்று மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கிறது. புதுசு வந்த பிறகு பழசு எதற்கு என்று கேட்டாயாம். பச்சைமலையை விட்டால் பெரம்பலூர், அரியலூர் இரண்டிலும் மலை என்று சொல்ல அதிகமில்லை. பனிக்குப் பேச்சே இல்லை. ஆனாலும் உன் கேள்விக்கான பதில் பழனியில் இருக்கிறது.

நம் பக்கத்துச் செட்டிகுளத்துக் குன்றில் இருக்கும் முருகனை யாரும் படியேறியே பார்த்துவிடலாம். பழனியில் 693 படி. முடியாதவர்களுக்காக 1966-ல் விஞ்ச் வந்தது. மலைமேல் இருக்கும் மோட்டார் கம்பிவடத்தைச் சுற்றச் சுற்ற, சரிவான தண்டவாளத்தில் பெட்டி ஏறும். 1980-களில் இன்னும் இரண்டு விஞ்ச் சேர்ந்தன. 2004-ல் ரோப் கார் வந்தது. விஞ்ச் சுமார் எட்டு நிமிடத்தில் ஏறும் உயரத்தை அது மூன்றே நிமிடத்தில் எட்டிவிடும். அன்றைக்கே விஞ்சைக் கழற்றியிருக்க வேண்டும், இல்லையா?

ஆடி மாதம் பழனிக்குப் போய்ப் பார். காற்று பலமாக அடித்தால் ரோப் காரை நிறுத்திவிடுவார்கள். அந்தரத்தில் தொங்கும் பெட்டி காற்றில் ஆடும். தண்டவாளத்தில் உட்கார்ந்திருக்கும் விஞ்சுக்கு அந்தக் கவலை இல்லை. அதுபோக மாதத்துக்கு ஒருநாள், வருடத்துக்கு ஒரு மாதம் என்று ரோப் காருக்குப் பராமரிப்பு விடுமுறை உண்டு. அப்போது கம்பிவடம், உருளை, பேரிங் எல்லாவற்றையும் சோதிப்பார்கள், தேய்ந்ததை மாற்றுவார்கள். பிறகு பெட்டிகளில் ஆளுக்குப் பதிலாக எடைக்கற்களை அடுக்கி ஓட்டிப் பார்ப்பார்கள். அதெல்லாம் சரியாக இருந்தால்தான் ஜனங்களை ஏற்றுவார்கள். அந்த நாட்களில் கூட்டத்தைச் சுமப்பது விஞ்ச்தான்.

கம்பிவடம் முதலில் சுமந்தது சரக்கைத்தான், மனிதர்களை அல்ல என்பதையும் தெரிந்துகொள். மூணாறு தேயிலைப் பெட்டிகள் 1908 முதல் குண்டளைப் பள்ளத்தாக்கின் சின்ன ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்தன. அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி நம் தேனிப் பக்கத்துக் கொட்டகுடிக்கு இறங்கி, பிறகு வண்டியில் போடிக்குப் போயின. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் இன்றும் நிற்கிறது. ரயிலே இல்லாத ஊருக்கு எப்படி ஸ்டேஷன் என்ற பெயர் வந்தது என்று யாராவது கேட்டால் இதைச் சொல்.

பனிமலைக் கதையும் சரக்கில் தொடங்கியதுதான். அமெரிக்காவின் யூனியன் பசிபிக் ரயில் கம்பெனி, ஐடஹோ மாநிலத்தில் சன் வேலி என்ற பனிச்சறுக்கு ஊரை உருவாக்கியது. அதன் பொறியாளர் ஜிம் கர்ரன் அதற்கு முன்பு, வாழைத்தார்களைக் கொக்கியில் மாட்டிக் கப்பலில் ஏற்றும் இயந்திரங்களில் வேலை செய்தவர். தார் தொங்கும் இடத்தில் ஆளை ஏன் உட்கார வைக்கக் கூடாது என்று யோசித்தார். சோதனை நடந்த ஒமாஹா நகரில் அப்போது பனி இல்லை. அதனால் லாரியின் பக்கவாட்டில் நாற்காலியைப் பொருத்தி, சக்கரக் காலணி போட்ட ஆட்களை அதில் அள்ளி ஏற்றிப் பார்த்தார்கள். மணிக்கு நாலைந்து மைல் வேகம் என்றால் ஆளுக்கு அடிபடாது என்று தெரிந்தது. 1936-ல் உலகின் முதல் நாற்காலி லிஃப்ட் அங்கே ஓடியது.

நீ பார்த்த பழைய லிஃப்ட் இன்றும் அந்த வேகத்தில்தான் போகிறது. நாற்காலி வடத்தோடு இறுகப் பூட்டியிருக்கிறது. ஆள் ஏறுகிற இடத்தில் மட்டும் மெதுவாகப் போக அதற்கு வழியில்லை. புதுசில் நாற்காலி நிலையத்துக்குள் வந்ததும் வடத்தை விட்டுவிடும், ஆளை மெதுவாக ஏற்றிக்கொண்டு மறுபடி பற்றிக்கொள்ளும். அதனால் இரண்டு மடங்கு வேகம். இங்கே ஒரு கணக்குப் போடு. ஆறு நொடிக்கு ஒரு நாற்காலி, நாற்காலிக்கு நாலு பேர் என்றால் மணிக்கு 2,400 பேர். இந்த இடைவெளி மாறாதவரை, பழசானாலும் புதுசானாலும் மேலே போய்ச் சேரும் தலைக்கணக்கு ஒன்றுதான். புதுசு மிச்சப்படுத்துவது பயண நேரத்தை. சரிவு குட்டையாக இருந்தால் அந்த மிச்சமும் சொற்பம். அதற்காக யார் கோடிகளைக் கொட்டுவார்கள்?

நாற்காலியே இல்லாத பழசும் உண்டு. எர்ன்ஸ்ட் கான்ஸ்டம் 1934-ல் சுவிட்சர்லாந்தின் தாவோஸில் அமைத்தது அந்த வகை: வடத்திலிருந்து தொங்கும் கட்டை இடுப்புக்குக் கீழே முட்டுக்கொடுத்து இழுக்கும், ஆள் தரையிலேயே சறுக்கியபடி மேலேறுவார். பலத்த காற்றிலும் அது ஓடும். பனியாறுகளின் மேல் இன்றும் அதைத்தான் பல இடங்களில் வைத்திருக்கிறார்கள். அடியில் இருக்கும் பனியே நகர்வதால் கனமான கோபுரம் அங்கே நிலைக்காது.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் மேட் ரிவர் க்ளென் என்ற பனிச்சறுக்கு மலையில் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே 1948-ல் போட்ட லிஃப்டில் ஒரு நாற்காலிக்கு ஒரே ஆள். மலை இப்போது சறுக்குபவர்களின் கூட்டுறவுக்கே சொந்தம். புதுப்பிக்கும் காலம் வந்தபோது, இரண்டு பேர் நாற்காலி வேண்டாம், ஒருவர் நாற்காலியே இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். 2007-ல் அதையே புதுப்பித்தார்கள். மேலே போகிறவர்கள் குறைந்தால் சரிவில் நெரிசல் இருக்காது, பனியும் சீக்கிரம் தேயாது. கீழே வரிசையில் காத்திருக்க அவர்கள் தயார்.

நம் நாட்டுப் பனிமலைகளிலும் ரோப் கார் உண்டு. குல்மார்க் கொண்டோலா 1998-ல் ஒரு கட்டமும் 2005-ல் அடுத்ததுமாக, கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரத்துக்குப் போகிறது. ஜோஷிமட்டிலிருந்து ஔலிக்குப் போகும் நாலு கிலோமீட்டர் ரோப்வேயை 2023 ஜனவரியில் நிறுத்தினார்கள். ஊரின் நிலமே புதைய ஆரம்பித்திருந்தது. வடம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் கோபுரம் நிற்பது மண்ணில்.

ஆடிக் கிருத்திகைக்கு நீங்கள் பழனி போவதாகக் கேள்வி. ரோப் கார் ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்பச் சொல் அம்மாவிடம். ஓடவில்லை என்றால் விஞ்சில் வரிசை நீளும். பாட்டியை வெயிலில் நிற்கவிடாமல் விடிகாலையிலேயே போய்விடுங்கள்.

அன்புடன்,
மாமா