பரணில் கிடக்கும் இலவச லேப்டாப்பை ஓடவைக்க…

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் பல வீட்டுப் பரண்களில் பிள்ளைகளுக்கு அரசு தந்த லேப்டாப் கிடக்கும். 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் அது. "ரொம்ப ஸ்லோ" என்று ஒதுக்கியவற்றில் பல, இயங்குதளத்தைச் சரிசெய்தாலே ஓடும்.

1. சுவிட்சைப் போட்டதும் நினைவகத்தில் ஏறி, மற்ற எல்லா வேலைகளையும் நடத்துவது இயங்குதளம், அதாவது ஓ.எஸ். எந்தச் செயலிக்கு எவ்வளவு நினைவகம், எந்தக் கோப்பு எந்த இடத்தில், பிரின்டருக்கு எது முதலில் என்று தீர்மானிப்பது அதுதான். தீப்பெட்டி ஆபீஸில் யாருக்கு எவ்வளவு குச்சி என்று அளந்து கொடுத்துக் கணக்கு எழுதுபவரின் வேலை போன்றது அது.

2. பரணிலிருந்து இறக்கியதும் பேட்டரியைப் பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது.

3. அந்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு, சி-டாக் என்ற அரசு நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற ஓ.எஸ்.ஸும் வந்தது. ஆன் செய்ததும் திரையில் இரண்டு பெயரும் வரிசையாக வரும். அம்புக்குறி விசையால் இறங்கி என்டர் தட்டினால் பாஸ் திறக்கும். சும்மா இருந்தால் சில நொடிகளில் ஏதாவது ஒன்று தானாகத் திறந்துவிடும். சர்வீஸ் கடையில் கொடுக்கும்போது, "பாஸை அழிச்சிராதீங்க" என்று சொல்லிவிடுங்கள். தமிழிலேயே பயன்படுத்தக்கூடிய ஓ.எஸ்.ஸை அழிப்பது பெரிய நஷ்டம்.

4. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-லும் முடிந்துவிட்டது. பாதுகாப்புத் திருத்தம் வராத கணினியில் பேங்க் வேலை வேண்டாம்.

5. பாஸ் போய்விட்டதா? இலகுவான லினக்ஸ் ஒன்றைப் பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, கேமரா மூன்றும் வேலை செய்கின்றனவா என்று பார்த்த பிறகே நிறுவுங்கள். காசு கிடையாது. ஃபார்மேட் அடிக்குமுன் போட்டோ, சான்றிதழ் எல்லாவற்றையும் வேறிடத்தில் நகலெடுங்கள்.

6. கரிசல் புழுதி காற்றுத் துளையை அடைத்துவிடும். உள்ளே சூடு ஏறினால் பிராசஸர் எரியாமலிருக்க அதன் வேகம் தானாகக் குறைக்கப்படும். சித்திரை வெயிலில் லேப்டாப் தவழ்வதற்கு இதுவும் ஒரு காரணம். மெத்தைமேல் வைக்காதீர்கள்.

7. பேட்டரி செத்த லேப்டாப்பில் கரண்ட் போனால், எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் கெடும். அடிக்கடி சேவ் செய்யுங்கள். முறையாக ஷட் டவுன் கொடுங்கள்.

8. உங்களுக்குத் தேவையில்லையென்றால் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். உங்கள் கோப்புகளை அழித்துவிட்டு, தெருவில் ப்ளஸ் ஒன் படிக்கும் பிள்ளை யாருக்காவது கொடுங்கள்.