எட்டாம் கற்பனையும் கைத்தொலைபேசியும்

பொய்ச்சாட்சி சொல்லாதிருக்கும் கடமை நீதிமன்றக் கூண்டில் ஏறுபவருக்கு மட்டுமே உரியதென்று எண்ணுகிறீர்களா? சிலாபத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள்.

2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி ஆலயங்களில் குண்டுகள் வெடித்தன. மூன்று வாரம் சென்றது. அதிகம் சிரிக்கவேண்டாம், ஒருநாள் அழுவீர்கள் என்னும் கருத்தில் சிலாபத்து முஸ்லிம் வியாபாரி ஒருவர் முகநூலில் ஆங்கிலத்தில் பதில் எழுதியிருந்தார். அது அடுத்த தாக்குதலின் முன்னறிவிப்பு என்று பலர் பொருள்கொண்டனர். மே 12ஆம் திகதி கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, ஊரடங்கு பிறந்தது. மறுநாள் கலவரம் பரவி, நம் மாவட்டத்துக் கொட்டாரமுல்லையில் ஒருவர் கொல்லப்பட்டார்.

அந்த வரி மெய்யாகவே எழுதப்பட்டது; அதன்மேல் ஏற்றப்பட்ட பொருளே பொய். ஆகவே செய்தி உண்டா என்று பார்ப்பது போதாது. அதன் கருத்தையும் விசாரிக்கவேண்டும். பிறரைப்பற்றிக் கேள்விப்பட்டதை நம்புமுன் அவரையே கேட்டறியும்படி சீராக் ஆகமம் 19ஆம் அதிகாரம் புத்தி சொல்கிறது. போதிய ஆதாரமின்றி அயலவன் குற்றத்தை உள்ளத்தில் ஏற்பதே பாவம் என்பது திருச்சபையின் படிப்பினை. அப்படியிருக்க, அதை நூறுபேருக்கு அனுப்புவது எத்தகையது?

எனவே, அனுப்புமுன் மூன்றைக் கேளுங்கள்: எழுதியவர் யார்? எப்போது எழுதினார்? எதற்குப் பதிலாக எழுதினார்? விடை தெரியாவிட்டால் அச்செய்தி உங்களோடு நிற்கட்டும். தவறாக அனுப்பிவிட்டீர்களா? பாவசங்கீர்த்தனம் மட்டும் போதாது. பெற்ற அத்தனை பேருக்கும் திருத்தத்தை அனுப்புவதும் கடன்.

காற்றைப் பார்த்தே கடலில் இறங்கும் கரையோர மக்கள் நாம். விரலை அழுத்துமுன்பும் சற்றே பொறுப்போம்.